அஞ்சு நாள் ஊழியம்: போகலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி, 2025 ஏப்ரல் 5:
எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 22 பேர் மே மாதம் சிதம்பரம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்புக்கு ஐந்து நாள் ஊழியத்துக்குப் போகிறோம். விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), வீடு சந்திப்பு, மருத்துவ முகாம், கடைசி நாள் நற்செய்திக் கூட்டம். ஆளுக்கு 1,500 ரூபாய் வசூல். புதுச்சேரியிலிருந்து அந்தப் பக்கம் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என்ன கொண்டுபோனால் அவர்களுக்குப் பயன்படும்?

ஏப்ரல் 6, ஞாயிறு இரவு

பக்கெட் வேண்டாம்.

ஏப்ரல் 7

நேற்று அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஆளாளுக்கு ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். சரி, சொல்கிறேன்.

நான் போனது 2012 மே, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்கு அப்போது 24 வயது, வாலிபர் ஐக்கியச் செயலாளர். தானே புயல் அடித்து நாலரை மாதம் ஆகியிருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது நாங்களே முத்தியால்பேட்டை வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆகவே பட்டவர்கள் பட்டவர்களுக்குப் போய் ஆறுதல் சொல்வோம் என்று எங்களுக்கு ஒரு பாரம் வந்தது. சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புரியாது. கர்த்தர் மனசில் வைத்த சுமை என்று பொருள். பஸ் வாடகைக்கு ஆள் கிடைத்தால் அது பாரம், கிடைக்காவிட்டால் வெறும் ஆசை.

நாற்பது பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மக், சோப்பு, பேஸ்ட், துண்டு, ஒரு புதிய ஏற்பாடு. முதல் வீட்டு வாசலிலேயே மூன்று பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. நீலம், சிவப்பு, இன்னொரு நீலம். ஒன்றின் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. புயலுக்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் பக்கெட்தான் கொடுத்திருக்கிறார்கள். கடையில் மொத்தமாகக் கிடைக்கும், உள்ளே சாமான் போடலாம், வரிசையாக அடுக்கினால் படத்துக்கு எடுப்பாக இருக்கும். தண்ணீர்க் குழாயோ ரோட்டுப் பக்கம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அந்த வீட்டம்மா எங்கள் பக்கெட்டையும் வாங்கி மற்றதன் மேல் கவிழ்த்து வைத்தார். முகம் சுளிக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் பலகை தாண்டிப் போக வேண்டும், வழுக்கும் என்று எச்சரிக்கை மட்டும் செய்தார்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகப் பழைய துணி மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியும் 2012இல் பக்கெட் வாங்கினேன்.

ஏப்ரல் 9

'அங்கே பலன் இருந்ததா, எத்தனை பேர் வந்தார்கள்' என்று ஒருவர் கேட்கிறார். பலன் அறிக்கையை எழுதியவளே நான்தான், ஆகவே சொல்லலாம்.

"87 ஆத்துமாக்கள் தீர்மானம் எடுத்தனர்" என்று எழுதினேன். இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கை தூக்கினார்கள் என்று பொருள். சபையில் வாசித்தபோது ஸ்தோத்திரம் சொன்னார்கள். குடியிருப்பில் 42 வீடு, அதில் பாதி பூட்டிக் கிடந்தது. 87 எப்படி வந்தது என்றால், காலை விபிஎஸ்ஸில் கை தூக்கியவர்கள், மாலையில் கை தூக்கியவர்கள், மறுநாள் காலையில் தூக்கியவர்கள், எல்லாவற்றையும் கூட்டினேன். பெரும்பாலும் அதே முப்பது பிள்ளைகள். யாரெல்லாம் என்று கேட்டால் பிள்ளைகள் தூக்கும், வீட்டில் பூனை உள்ளவர்கள் யார் என்று கேட்டாலும் தூக்கும். ஒரு பையன் இரண்டு கையையும் தூக்கினான். நல்லவேளை, அவனை ஒன்றாகத்தான் எண்ணினேன்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. செய்கைப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் சரணத்தில் மறந்துபோய் நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒன்பது வயதுப் பெண் எழுந்து, "மிஸ், அதுக்கப்புறம் கையை இப்படி ஆட்டணும்" என்று ஆடிக் காட்டினாள். அந்தக் கோடையிலேயே எங்களுக்கு முன்னால் இரண்டு சபைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். பிள்ளைகளுக்கு எங்கள் நிகழ்ச்சி நிரலே மனப்பாடம். பாட்டு, கதை, வசனம், அப்புறம் பிஸ்கட். கதை நீண்டால் ஒருத்தன் எழுந்து பிஸ்கட் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். கையில் ஓலைச் சிலுவையை வைத்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது நினைவு வந்துவிட்டது.

புறப்படுகிற நாள். பஸ்ஸில் ஏறப் போகிறேன், ஓர் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டது. பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குக் குத்தியிருந்தது. "மறுவாட்டி எப்ப வருவீங்க கண்ணு?"

"கர்த்தருக்குச் சித்தமானா வருவோம் ஆயா" என்றேன்.

எவ்வளவு வசதியான வாக்கியம். மறுவாட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் திண்டிவனம் பக்கம் போவதாகக் கமிட்டியில் முடிவாகிவிட்டது, அந்தக் கூட்டக் குறிப்பையும் எழுதியது நானே. பொறுப்பைக் கர்த்தர் தலையில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் அந்த ஆயாவைப் படம் எடுத்திருந்தேன். "எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. நான் போயிட்டா மாலை போட ஒரு படம் வேணுமில்ல" என்று கேட்டது. கட்டாயம் கொடுக்கிறேன் என்றேன். நாங்கள் அந்தப் பயணத்தில் எடுத்தது நானூற்றுச் சொச்சம் படம். சபை ஆண்டு மலரில் பதினாறு வந்தது. ஊருக்குப் போனது ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 14

கூட வந்தவள் ஒருத்தி கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், இருக்கிறாள். இதையெல்லாம் படித்துவிட்டுப் போன் செய்து திருத்தினாள். வரிசையாகப் போடுகிறேன்.

அஞ்சு நாள் என்பது நோட்டீஸில். புதன் மதியம் போய்ச் சேர்ந்து சனி மாலை கிளம்பினோம். மூன்றரை நாள்.

வாங்கியது நாற்பது பக்கெட் இல்லை, ஐம்பது. மிச்சமானதில் ஒன்று இன்னமும் அவள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது.

ஆயா விஷயத்திலும் எனக்குக் குழப்பம் என்கிறாள். கையைப் பிடித்தது ஒருத்தர், படம் கேட்டது வேறொருத்தர் என்று அடித்துச் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதின்மூன்று வருஷமாக எனக்கு ஒரே முகம்தான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன். இன்றைக்கு இதைத்தான் எழுத முடியும்.

அந்த ஊர்ப் பெண்கள் கழிமுகத்தில் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை இல்லை, படகு இல்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவிப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில். கை விரல் நுனியெல்லாம் வெட்டு. அன்று காலை அப்படிப் போனவர்கள் இறாலை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, மதியம் எங்களுக்காக ஒரு சட்டி நண்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். சட்டியின் மேல் வாழை இலை மூடி, அதன் மேல் ஒரு கல்.

எங்கள் தலைவர் அண்ணன், "அவங்களுக்குச் செலவு வைக்கக் கூடாது, அன்பா மறுத்துடுங்க" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. கூடவே புதுச்சேரியிலிருந்து சமையற்காரர், காஸ் அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு நண்டு அலர்ஜி. நான் உபவாசம் என்றேன். அது பொய். அன்றிரவு சாம்பார் சாதம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

உட்கார்ந்து சாப்பிட்டது பஸ் டிரைவர் அண்ணன் ஒருவர்தான். அவர் எந்தச் சபையும் இல்லை, வண்டியில் மேல்மலையனூர் அம்மன் படம். இலை போட்டு, ஓட்டை உடைத்து உறிஞ்சி, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுத்தார்.

செலவு வைக்கக் கூடாது என்ற காரணம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டி ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து வந்திருந்தால் எத்தனை பேருக்கு வயிறு சரியில்லாமல் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். எங்கள் குழுவில் எல்லாச் சாதியும் உண்டு. என் அம்மாயி காலத்தில் எங்களையே திண்ணையில் நிறுத்தி டம்ளர் இல்லாமல் கையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியிருந்தும்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சுவர் கதை தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745இல் வருகிறது. சம்பா கோவில் என்கிற மாதா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து வைத்திருந்த சுவர், அதை இடித்தபோது கிளம்பிய சண்டை. அது கத்தோலிக்கர் கதை, நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று எங்கள் பக்கம் சொல்லிக்கொள்வோம். நாங்கள் கொண்டுபோன காஸ் அடுப்பு என்ன வேலை செய்தது?

ஏப்ரல் 19

"விசுவாசியாக இருந்துகொண்டு ஊழியத்தை இப்படிப் பொதுவில் இழிவுபடுத்தலாமா" என்று கேட்டவருக்கு: நான் இழிவுபடுத்தியது என்னை. ஊழியத்துக்கு ஒன்றும் ஆகாது, அது 300 வருஷமாக இங்கே இதைவிடப் பெரிய அடியெல்லாம் தாங்கியிருக்கிறது. நாளைக்கு ஈஸ்டர். நாலரை மணி ஆராதனைக்கு நானும் வருவேன்.

ஏப்ரல் 23

கேட்டவரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன கொண்டுபோகலாம்?

முதலில், மே மாதம் போகாதீர்கள். நமக்குப் பள்ளி விடுமுறை, ஆகவே மே. அவர்களுக்கு அது செங்கல் சூளையும் கரும்பு வெட்டும் நடக்கிற காலம். முன்பணம் வாங்கியிருப்பார்கள், குடும்பத்தோடு போயிருப்பார்கள். 2012இல் பாதி வீடு பூட்டிக் கிடந்தது அதனால்தான். அது அன்று எனக்குத் தெரியாது. ஆட்கள் நம் கூட்டத்துக்கு வரவில்லையே என்று அந்த ஊரின் மேல் இருந்த இருளின் அதிகாரத்தைக் கட்டி ஜெபித்தோம். ஆட்கள் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது. வீடு சந்திப்பில் ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வாக்காளர் அட்டை, மகனுடைய மார்க் ஷீட், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு மனு. பையன் பத்தாவது பாஸ். மேலே படிக்க, உதவித்தொகை வாங்கச் சாதிச் சான்று வேண்டும். மூன்று வருஷமாக அலைகிறார். நான் நோட்டும் பேனாவும் வைத்திருந்ததால் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார். "எழுதிக்கிட்டுப் போங்க மிஸ்" என்று கவரை என்னிடம் நீட்டினார்.

நான் அந்தக் கவரின் மேல் கை வைத்து ஜெபித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

சத்தமாக, உருக்கமாகத்தான் ஜெபித்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கவரை வாங்கி ஒரு நிமிஷம் நின்றார், அடுத்து ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

இப்போது நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் அட்மிஷன் பார்க்கிறேன். தினம் சான்றிதழ்தான் வேலை. அதனால் இந்தக் கவரின் மதிப்பு பிந்தித் தெரிந்தது. தமிழ்நாட்டில் மற்றவர்களுக்குச் சாதிச் சான்றைத் தாசில்தார் மட்டத்திலேயே கொடுத்துவிடுவார்கள். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்து. விசாரணை உண்டு. 'அப்பாவுக்குச் சான்று இருக்கா, அண்ணனுக்கு இருக்கா' என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்கு எதற்குச் சான்று இருக்கும்? ஒரு வீட்டில் முதல் சான்று வாங்குவதுதான் கஷ்டம், அப்புறம் அதைக் காட்டித் தம்பி தங்கைக்கு வாங்கிவிடலாம். புதுச்சேரிப் பக்கம் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் வந்ததே 2016 டிசம்பரில்தான். ஆற்றின் தமிழ்நாட்டுக் கரையில் இருந்தவர் பழங்குடி, புதுச்சேரிக் கரையில் இருந்த அவர் மாமன் மகன் பழங்குடி இல்லை என்று அதுவரை இருந்தது.

ஆகவே என் பதில். ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கும் இடம் தெரிந்த ஆளைக் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கத் தெரிந்தவரை. மனு எழுதத் தெரிந்த, வரிசையில் நிற்கப் பொறுமை உள்ள, "போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்றால் உண்மையிலேயே அடுத்த வாரம் போகிற ஒரு ஆளை. 22 பேர் ஒரு தடவை போகிற காசில் 2 பேர் 11 தடவை போகலாம். 33,000 ரூபாய் வசூலாகும் என்று கணக்குப் போட்டேன், பஸ் டிக்கெட்டுக்கு அதில் பாதிகூட ஆகாது.

ஏப்ரல் 24

நேற்றையதில் ஒன்று விட்டுப்போனது. ஒரு பாஸ்டர் தனியாக எழுதிக் கேட்டார்: கிறிஸ்தவர்கள் ஆனால் சான்று கிடைக்காமல் போகுமே, அதற்கு நாமே உதவுவதா என்று.

இரண்டு பட்டியலையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டியல் சாதிக்குத்தான் மதம் குறுக்கே வரும். 1950 ஆணையில் இந்து மட்டும், 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்ந்தார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுகூடப் புதுச்சேரியிலிருந்து போன வழக்குதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் இருந்துகொண்டு வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்றார்கள். நம் சபைகளில் எத்தனை வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இங்கே வேண்டாம்.

இருளர்கள் பழங்குடி. பழங்குடிக்கு அந்த மத நிபந்தனை சட்டத்தில் இல்லை. ஆனால் ஒன்று: ஞானஸ்நானம் கொடுத்த கையோடு பெயரை மாற்றி விடாதீர்கள். ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர், சபைப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று ஆக்கிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். அந்தப் பிள்ளை என் மாதிரி ஒரு அலுவலகக்காரியிடம் வந்து நிற்கும். நான் "பேரு ஒத்துப்போகலையேம்மா" என்பேன்.

மே 2

வெளிநாட்டுக் குழுக்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஏனென்றால் அவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். நம்மவர்களே உள்ளூரில் அதைத்தான் செய்தோம் என்பது எனக்கு முக்கியம். இருந்தாலும் ஒரு கதை.

2009 என்று நினைவு. கடலூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு அண்ணனுக்கு மொழிபெயர்க்கப் போனேன். வந்தது டூரிஸ்ட் விசாவில். அதில் வந்து பிரசங்கம் செய்யக் கூடாது, மிஷனரி விசா தனியாக உண்டு. ஆகவே நோட்டீஸில் 'வாழ்த்துரை' என்று போட்டிருந்தார்கள். வாழ்த்துரை ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. மனந்திரும்ப அழைப்பும் கொடுத்தார். அவ்வளவு நீண்ட வாழ்த்தை நான் கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை.

நடுவில் பனியைப் பற்றிச் சொன்னார், அவர் ஊர்ப் பனி. பாவம் பனியைப்போல் வெண்மையாகும் என்றார். நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'உறைந்த மழை' என்று இருக்கிறது. நானும் பழக்கத்தில் உறைந்த மழை என்றேன். முன்னால் இருந்த ஓர் அம்மா பக்கத்திலிருப்பவரிடம், "மழை உறைஞ்சா நல்லதுதான், வீட்டுக்குள்ள வராது" என்றார். மைக்கில் லேசாகக் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அண்ணன், தான் சொன்னது மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் பனிக்குப் போனார்.

மே 3

தூக்கம் வராமல் இன்னொன்று. 'குறுகிய கால ஊழியம்' என்பதற்கு எதிர்ப்பதமாகக் கடலூரிலேயே ஒருவர் இருந்தார், கீர்னாண்டர், ஸ்வீடன்காரர். 1740இல் வந்து 1758 வரை இங்கே இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா போய்விட்டார். பதினெட்டு வருஷம் இருந்தவரையே போர் துரத்தியது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் இறங்கி 1719இல் அங்கேயே செத்தார், இடையில் ஒரு தடவைதான் ஐரோப்பா போய் வந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார் என்பார்கள். ஊழியக்காரருக்குப் பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொடுத்த முறை அது. எனக்கும் ஒரு ஒன்பது வயதுக்காரி சொல்லிக்கொடுத்தாளே, இரண்டாம் சரணம்.

இவர்களை ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று ஓ.டி. தோழி சொல்கிறாள். பின்னால் துப்பாக்கியும் கப்பலும் இருந்தது என்கிறாள். சரிதான். தங்கியிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மே 11

பீரோவில் சிடி கிடைத்தது. மேலே மார்க்கரில் 'கிள்ளை ஊழியம் 2012' என் கையெழுத்து. இந்த வீட்டில் சிடி போட எதுவும் இல்லை. பள்ளியின் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். 431 படம். அதில் நாங்கள் மட்டும் உள்ள படம் 260க்கு மேல், உட்கார்ந்து எண்ணினேன். பச்சைச் சேலை ஆயா இருக்கிறது. எங்கள் பேனர் முன்னால் நேராக நிற்கிறது, நல்ல வெளிச்சம். பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மே 19

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். கமிட்டியில் நான் எழுதியதை வாசித்தார்களாம், ஆளுக்கொரு பக்கம் பேசினார்களாம், கடைசியில் பயணம் திட்டமிட்டபடியே நடக்கிறது. பேனர் அடித்துவிட்டார்கள். ஆனால் பக்கெட் இல்லை. அவரும் இன்னொருவரும் ஆடி மாதத்தில் மறுபடி போகப் போகிறார்கள், நோட்டீஸ் இல்லாமல்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 2012இல் யாராவது எனக்கு இப்படி எழுதியிருந்தால் நானும் போயிருப்பேன். எழுதியவருக்காகப் பஸ்ஸில் ஜெபித்தும் இருப்பேன்.

ஜூன் 14, சனி இரவு

போய்வந்தேன். சிதம்பரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். வழியெல்லாம் வெயில். சட்டம் மாட்டிய படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

குடியிருப்பு அடையாளம் தெரியவில்லை. தொகுப்பு வீடுகள் வந்திருக்கின்றன, சில அதற்குள் விரிசல் விட்டும் இருக்கின்றன. வேப்பமரம் அப்படியே. பாட்டுக்காரப் பெண்ணைக் கேட்டேன். கல்யாணமாகி மரக்காணம் பக்கம் போய்விட்டாளாம், இரண்டு பிள்ளை. கவர்க்காரர் மகன் அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான், ஆனால் அவன் தங்கைக்கு 2019இல் சான்று வந்துவிட்டது, யாரோ ஒரு வக்கீல் அம்மா விடாமல் வந்து வாங்கிக் கொடுத்தாராம். எந்தச் சபை என்று என் வாய் கேட்டுவிட்டது. அவருக்குச் சபையெல்லாம் இல்லை என்றார்கள்.

ஆயா 2017இல் போய்விட்டது. மகள் ஊரில் இருந்தார், சூளையிலிருந்து ஒரு சாவுக்கு வந்திருந்தார். துண்டைப் பிரித்துப் படத்தைக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, எனக்குத்தான். அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் காட்டினார்.

"இது எங்கம்மா இல்லீங்களே. இது கோடி வூட்டு ஆயா. அது இன்னும் இருக்குது."

கோடி வீட்டு ஆயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பச்சைச் சேலை இல்லை, மூக்குத்தி இரண்டும் இருந்தது. படத்தைப் பார்த்துச் சிரித்தது. தான் படம் ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி எப்ப வருவீங்க என்றுதான் கேட்டதாகச் சொன்னது. ஓ.டி. தோழி சொன்னது சரி, நான் எழுதியது தப்பு.

ஆயா படத்தை வாங்கிக்கொண்டது. "சாவறதுக்கு முன்னாடியே மாட்டிடப் போறேன்" என்றது. அப்புறம் நண்டு இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்று கேட்டது. சாப்பிட்டேன். காரம் தாங்காமல் விக்கினேன், முதுகில் தட்டினார்கள்.

மகள் என் போனில் மீதிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருநூற்றுச் சொச்சமாவது படத்தில் நிறுத்தினார். நாங்கள் இருபது பேர் கட்டைவிரல் உயர்த்தி நிற்கிறோம். ஓரத்தில், பேனரைப் பிடித்திருக்கிற பையனுக்குப் பின்னால், பாதி முகம்.

"இதான் எங்கம்மா."

ஜூன் 17

ஸ்டுடியோவில் காட்டினேன். பையன் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பேனரை எடுத்துடலாங்கா. ஆனா அதுக்குப் பின்னாடி முகம் இல்லையே."

கம்ப்யூட்டரே இப்போதெல்லாம் மீதியை வரைந்துவிடுமாம். இந்தப் பாதியைப் பார்த்து அந்தப் பாதியைப் போட்டுவிடும், மகள் முகத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் சாயல் இன்னும் நன்றாக வரும் என்றான். அது அவர் அம்மாவாக இருக்குமா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட இருக்குங்கா" என்றான். 600 ரூபாய்.

அவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. சூளைக்குத் திரும்பிப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் எடுக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார், அதுவும் பத்து மணிக்கு மேல். எனக்கு ஆராதனை நேரம். வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.